பதமும் காப்பும்: மரம் உலர்த்தும் தொழிற்சொற்கள் பற்றி ஒரு வரலாற்று நோக்கு (சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து)

1. முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு கருத்துக்குத் தமிழில் பல சொற்கள் வழங்குவதால் நேரும் குழப்பத்தையே பேசுகின்றன. இதற்கு மறுதலையான நிலை அத்துணைக் கவனம் பெறவில்லை. இரு வேறு செயல்களுக்கு ஒரே சொல் வழங்கி, அவ்விரண்டும் ஒன்றே என்னும் எண்ணத்தைப் படிப்போரிடம் தோற்றுவிப்பதும் உண்டு. முதல் வகைக் குழப்பம் எளிதில் கண்ணுக்குப் புலப்படும். இரண்டாம் வகை புலப்படாது. ஏனெனில் தொடர் தெளிவாகவே இருப்பதாகத் தோன்றும்.

இதற்குத் தக்க சான்று ‘பதப்படுத்துதல்’ என்னும் சொல். மரத்தைப் பொறுத்தவரை இச்சொல் இரண்டு செயல்களைச் சுட்டுகிறது. பச்சை மரத்திலுள்ள நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, மரம் பின்னர்ச் சுருங்காமலும் முறுக்காமலும் இருக்கச் செய்வது ஒன்று. கறையான், வண்டு, பூஞ்சை ஆகியன அணுகாதவாறு மரத்துள் மருந்தைச் செலுத்துவது மற்றொன்று. முன்னது மரத்திலிருந்து ஒன்றை நீக்குவது. பின்னது மரத்துள் ஒன்றைப் புகுத்துவது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு தனிச் சொற்கள் உள்ளன. இந்தியத் தர நிர்ணய நிறுவனமும் இவற்றை இரண்டு தனி ஆவணங்களாகவே வகுத்துள்ளது: ஐ.எஸ். 1141 மரத்தை உலர்த்தும் நெறிகளைக் கூறுவது, ஐ.எஸ். 401 மரத்துக்கு மருந்தேற்றிக் காக்கும் நெறிகளைக் கூறுவது. தமிழில் எழுதுவோர் இரண்டையும் ‘பதப்படுத்துதல்’ என்றே குறித்துவருகின்றனர்.

இக்கட்டுரை இவ்விரு செயல்களின் வரலாற்றையும் இவற்றுக்கு வழங்கும் சொற்களின் வரலாற்றையும் ஒருசேர நோக்குகிறது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதி இதற்கு ஏற்ற களமாகிறது. ஒரு மொழியில் மங்கிய பொருள் வேறுபாடு மற்றொன்றில் தெளிவாக நிற்பதை இங்கே காண இயலுகிறது.

2. எல்லை மலையும் அதன் மரமும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது வேங்கடமலையை. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் 1930களில் தொகுதிகளாக அச்சேறியபோது, அவற்றுள் பெரும்பகுதி தமிழில் இருப்பது தெரியவந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகர் சித்தூரே. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சென்றது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது. எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறிவந்தபோதும், காட்டிலிருந்து மரம் இறங்குவதும் தச்சர் அதை வாங்குவதும் இரு மொழிகளிலும் நடைபெற்றுவந்தன.

இம்மலைத்தொடரின் தனிச்சிறப்பு செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியான சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா முதலிய மலைகளில் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. தெலுங்கில் ‘எர்ர சந்தனம்’ எனவும் தமிழில் ‘செஞ்சந்தனம்’ எனவும் வழங்கினாலும் இது சந்தன இனத்தைச் சேர்ந்ததன்று. தாவரவியல் நோக்கில் வேங்கை மரத்தின் பேரினத்தைச் சார்ந்தது. தமிழில் வழங்கும் ‘சந்தனவேங்கை’ என்னும் பெயர் இவ்வுறவை உணர்ந்து இட்டதுபோல் அமைந்திருப்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

செம்மரத்தின் உள்மரம் நீரில் மூழ்குமளவு கனமானது. அதில் உள்ள சிவப்புச் சாயத்துக்காக 17ஆம் நூற்றாண்டு முதல் சோழமண்டலக் கடற்கரைத் துறைகளின் வழியே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1856இல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர்ச் சாயமரம் என்னும் மதிப்பு குறைந்தது. அதே 1856இல் சென்னை மாகாணத்தில் ஹியூ கிளெகார்ன் தலைமையில் வனத்துறை அமைந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இன்று செம்மரம் கடுமையான சட்டக் காவலில் உள்ளது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கடத்தலில் பிடிபட்ட கட்டைகள் ஏலம் வரும் வரை அரசின் கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் அடுக்கிக் கிடக்கின்றன.

மக்கள் வாழ்க்கையில் செம்மரம் அறியப்படுவது மரப்பாச்சிப் பொம்மையாகவே. நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் இந்த இணைப் பொம்மை, திருப்பதி சென்றுவந்தவர் வாங்கிவரும் பொருள்களுள் ஒன்று. ஏர்ப்பேடு அருகிலுள்ள மாதவமாலை போன்ற ஊர்களில் மரச்சிற்பத் தொழில் இன்றும் நடைபெறுகிறது. மரப்பாச்சி கொலுவுக்கு மட்டும் உரியதன்று. குழந்தையின் கையில் கொடுக்கப்படுவது; குழந்தை அதைக் கடிக்கும், சப்பும். கல்லில் உரைத்துப் பற்றிடும் வழக்கமும் உண்டு. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இச்செய்தி தேவைப்படும்.

3. காழ், சேகு, வைரம்

மரத்தை உலர்த்துவதைப் பற்றிப் பேசுமுன், மரத்தின் எப்பகுதியைப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். தொல்காப்பிய மரபியல் புற வன்மை உடையவற்றைப் புல் என்றும், அக வன்மை உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. அவ்வன்மையைக் குறிக்கும் சொல் ‘காழ்’. மூங்கில், பனை, தென்னை ஆகியன புறக்காழ் உடையன. தேக்கு, வேங்கை, செம்மரம் ஆகியன அகக்காழ் உடையன. மரத்தொழிலின் நோக்கில் இது பயன்மிக்க பகுப்பு. பனையை அறுக்கும் தச்சர் நடுப்பகுதியைக் கழித்து வெளிப்பகுதியைக் கொள்வார். செம்மரத்தைச் செதுக்குபவர் வெளிப்பகுதியைக் கழித்து நடுவைக் கொள்வார்.

‘காழ்’ இன்று நூல்வழக்காகிவிட்டது. பேச்சில் நிற்பவை ‘வைரம்’, ‘சேகு’ என்னும் சொற்கள். ‘வைரம் பாய்ந்த மரம்’, ‘வைரம் பாய்ந்த உடம்பு’ என்பன இன்றும் வழங்கும் தொடர்கள். ‘சேகு’ என்பதற்கு மரவயிரம் என்னும் பொருளும் சிவப்பு என்னும் பொருளும் அகராதியில் உள்ளன. தெலுங்கில் உள்மரத்துக்கு வழங்கும் ‘சேவ’ ஒலியாலும் பொருளாலும் இதனை நெருங்கி நிற்கிறது. வலிமை என்னும் பொருளும் அதற்கு உண்டு. மலையாளத்தில் உள்மரத்தைக் ‘காதல்’ என்பர். தமிழிலிருந்து மலையாளத்துக்கும் மறுதலையாகவும் மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இச்சொற்கள் யாவும் ஒரு நடைமுறை அறிவைத் தாங்கி நிற்கின்றன. மரத்தின் வெளிப்பகுதி உயிருள்ளபோது நீரைக் கடத்துவது. மாவுச்சத்தும் ஈரமும் மிக்கது. ஆகவே வண்டும் பூஞ்சையும் முதலில் தாக்குவதும் அதையே. வைரப்பகுதியில் மரம் தானே உண்டாக்கிய காப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. செம்மரத்தின் வெண்ணிற வெளிப்பகுதி எளிதில் அரிபடும். சிவந்த உள்மரத்தைக் கறையான் எளிதில் தொடுவதில்லை. வெளியிலிருந்து எந்த மருந்தும் ஏற்றாமலேயே மரப்பாச்சி தலைமுறை கடந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. சேகு என்பது மரம் தனக்குத் தானே இட்டுக்கொண்ட காப்பு எனலாம்.

4. காய்தல், உலர்தல், ஆறுதல்

வெட்டிய மரத்தில் நீர் இருவகையாக உள்ளது. உயிரணுக்களின் உட்குழியில் தங்கியிருப்பது ஒன்று. அவற்றின் சுவரில் பிணைந்திருப்பது மற்றொன்று. குழியிலுள்ள நீர் வெளியேறும் வரை மரத்தின் அளவு மாறுவதில்லை. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு என்னும் நிலைக்கு ஈரம் குறைந்த பின்னர்ச் சுவரிலுள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது. அச்சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு. பலகை வளைவதும் முறுக்குவதும் இவ்வேறுபாட்டால் நேர்வன.

வெளிப்புறம் விரைந்து உலர்ந்து உட்புறம் ஈரமாக நின்றால் மரம் வெடிக்கும். ஆகவே உலர்த்தும் கலை என்பது விரைவாக உலர்த்துவதன்று, தாமதப்படுத்தி உலர்த்துவதே. அறுத்த பலகைகளை நிலத்திலிருந்து ஓரடிக்குக் குறையாமல் உயர்த்திய மேடையில் அடுக்கி, வரிசைக்கு வரிசை ஏறத்தாழ ஓர் அங்குலக் கனமுள்ள குறுக்குச் சட்டங்களை இடுவர். சட்டங்கள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். விலகினால் பலகை அவ்விடத்தில் தொய்யும். மேலே கூரை வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். வெட்டுமுனையின் வழியே நீர் விரைந்து வெளியேறுமாதலால் அங்குச் சாணமோ தாரோ மெழுகோ பூசி அடைப்பர். தடித்த கட்டைகளுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும்.

இச்செயலைக் குறிக்க எவ்வினைச்சொல் தகும்? தமிழில் ‘காய்’, ‘உலர்’, ‘ஆறு’ என்னும் மூன்று வினைகள் உள்ளன. ‘காய்’ வெப்பத்தோடு தொடர்புடையது. வெயில் காய்தல், காய்ச்சல், காய்ச்சுதல் ஆகியவற்றில் இது வெளிப்படை. ‘ஆறு’ தணிதலையும் வெப்பமோ ஈரமோ மெல்ல நீங்குதலையும் குறிப்பது. புண் ஆறுகிறது, சோறு ஆறுகிறது, சினம் ஆறுகிறது. ‘உலர்’ இவ்விரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. பேச்சுவழக்கில் இவற்றின் எல்லைகள் மங்கியுள்ளன. துணியையும் மிளகாயையும் நாம் ‘காயப்போடுகிறோம்’.

தெலுங்கில் இவ்வெல்லை மங்கவில்லை. துணியை ‘ஆரவேயு’ என்பர். மிளகாயை ‘எண்டபெட்டு’ என்பர். ‘எண்டு’ என்னும் வினை ‘எண்ட’ (வெயில்) என்னும் பெயரோடு உறவுடையது. ‘ஆரு’ என்பது தமிழ் ‘ஆறு’ என்பதன் இனச்சொல், காற்றில் ஈரம் நீங்குதலைக் குறிப்பது. மரத்தை வெயிலில் ‘எண்ட’ வைத்தால் வெடிக்கும். நிழலில் ‘ஆர’ வைத்தால் நிலைக்கும். ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும் என்னும் வழக்கில் வரும் ‘ஆறுதல்’ மரத்துக்கும் பொருந்துவதே. சித்த மருத்துவ நூல்கள் மூலிகையை ‘நிழலில் உலர்த்தி’ எனக் கூறுவது இவ்வேறுபாட்டைத் தமிழில் காத்துநிற்கும் மற்றொரு வழக்காகும்.

பொருளுக்கும் மரத்துக்கும் சொல்லமைப்பில் உள்ள மற்றொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. தெலுங்கில் நிற்கும் மரம் ‘செட்டு’. தொழிலுக்கு வரும் மரம் ‘கலப’. தமிழில் இரண்டும் ‘மரம்’. காட்டில் நிற்பதும் மரவாடியில் கிடப்பதும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், பின்னதன் நிலையைக் காட்ட அடைமொழி இன்றியமையாததாகிறது: பச்சை மரம், உலர்ந்த மரம், அறுத்த மரம் என. அவ்வடைமொழி தெளிவற்றுப்போனால் தொடர் முழுவதும் தெளிவற்றுப்போகும்.

5. ‘பதம்’ என்னும் சொல்லின் போக்கு

தமிழில் ‘பதம்’ என்பது ஒரு பொருள் பயன்பாட்டுக்கு உரிய நிலையை அடைந்திருத்தலைக் குறிக்கும். பாகு பதம், சோறு பதம், வாளின் பதம் என வழங்குவதை நோக்கினால், இச்சொல் எந்தக் குறிப்பிட்ட செயலையும் சுட்டுவதில்லை; செயலின் பயனாகிய தகுநிலையையே சுட்டுகிறது என்பது விளங்கும். பாகு பதமாவது நீர் குறைவதால். சோறு பதமாவது நீரை ஏற்பதால். தெலுங்குப் ‘பதுனு’ இவ்வாறே கூர்மையையும் தகுநிலையையும் குறிப்பதோடு, மழைக்குப் பின் விதைப்புக்கு ஏற்ற மண்ணின் ஈரத்தையும் குறிக்கிறது. தமிழ் ‘ஈரப்பதம்’ என்னும் கூட்டுச்சொல்லிலும் ஈரத்தின் சாயல் உண்டு. ஆகவே ‘பதப்படுத்திய மரத்தின் ஈரப்பதம்’ என எழுதும்போது, ஒரே தொடரில் ‘பதம்’ ஒருகால் ஈரம் நீங்கிய நிலையையும் மறுகால் ஈரத்தின் அளவையும் சுட்டுகிறது. இது பிழையன்று, ‘பதம்’ என்பதன் பொருட்பரப்பு அத்தகையது.

இப்பொதுமைச் சொல் தொழிற்சொல்லாக நிலைபெற்ற இரண்டு துறைகள் இவ்வட்டாரத்தை ஒட்டியே உள்ளன. பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. சித்தூர்ப் பகுதியோ மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. தோத்தாபுரி மாம்பழம் இங்கே பதப்படுத்தப்பட்டு ஏற்றுமதியாகிறது.

தோலையும் பழத்தையும் பொறுத்தவரை இச்சொல்லால் இடர் இல்லை. பச்சைத் தோல் அழுகாமல் காக்கப்படுவதும், அது பயன்படு தோலாக மாறுவதும் ஒரே வினையின் இரு முகங்கள். பழக்கூழைச் சூடேற்றி அடைப்பதும் அதைக் காப்பதும் அவ்வாறே. மரத்தில் இவை பிரிந்துநிற்கின்றன. உலர்ந்த மரம் மருந்தேறாததாக இருக்கலாம். மருந்தேறிய மரம் உலராததாக இருக்கலாம். தோலுக்குப் பொருந்திய சொல் மரத்துக்கு வந்தபோது, ஒரு வினையைச் சுட்டிய சொல் இரு வினைகளின் மேல் விழுந்தது.

6. காப்பின் வரலாறு

மரம் மக்குவதற்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் நின்றால் பூஞ்சை வளராது. நீரில் முழுவதும் மூழ்கியிருந்தால் காற்றின்மையால் வளராது. ஓயாது உலர்ந்திருக்கும் வீட்டு உத்தரமும் நீடித்திருக்கும். ஓயாது நனைந்திருக்கும் மரமும் நீடித்திருக்கும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துள் எழுந்தருளியிருக்கும் அத்திவரதர் திருமேனி அத்திமரத்தாலானது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, அண்மையில் 1979இலும் 2019இலும், நீரிலிருந்து வெளியே எழுந்தருளப்பட்டது. மாறிமாறி நனைந்து உலர்வதே மரத்துக்குக் கேடு. சோழமண்டலக் கடற்கரை மீனவர் கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே உலரவிடும் வழக்கம் கட்டைகள் நீரேறிக் கனத்து மிதப்புத்தன்மையை இழக்காதிருக்கவே ஏற்பட்டது.

கோயில் வழக்கில் திருமேனியைக் காக்கப் பூசப்படுவது ‘தைலக்காப்பு’. சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்பனவும் உள. நூலின் தொடக்கத்தில் வருவது காப்புச் செய்யுள்; திருவிழாவின் தொடக்கத்தில் கட்டப்படுவது காப்பு. தீங்கு வருமுன் இடப்படும் தடை என்பதே இவை அனைத்துக்கும் பொதுவான பொருள். இலங்கைப் பாடநூல்களில் உணவு கெடாமல் காத்தலுக்கு ‘உணவு நற்காப்பு’ என்னும் சொல் வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது. காத்தலைப் பதப்படுத்துதலிலிருந்து பிரித்துக் கூறும் தேவையை அங்குள்ள கலைச்சொல்லாளர் உணர்ந்திருந்தனர் என்பது புலனாகிறது.

மரத்துக்கு மருந்தேற்றும் இக்காலத் தொழில்நுட்பத்தின் தொடக்கம் ஐரோப்பிய இருப்புப்பாதைகளோடு இணைந்தது. 1838இல் ஜான் பெத்தல் இங்கிலாந்தில் பெற்ற காப்புரிமையின்படி, மரத்தை மூடிய உருளையுள் இட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி நீக்கி, பின்னர் அழுத்தத்தோடு தார் எண்ணெயைச் செலுத்துவர். உட்புழைகளிலிருந்து காற்று நீங்கியிருப்பதால் எண்ணெய் ஆழமாகப் புகும். இம்முறைக்கு மரம் முன்னரே உலர்ந்திருத்தல் வேண்டும். நீர் நிறைந்த புழையில் மருந்து புக இடமில்லை. உலர்த்துதல் முன்னும் மருந்தேற்றுதல் பின்னுமாக வரும் இவ்வொழுங்கு தொழில் வரலாற்றில் இவ்வாறு நிலைபெற்றது.

அடுத்த பெரிய திருப்பம் இந்தியாவில் நிகழ்ந்தது. 1906இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் ஒரு கலவையைக் கண்டறிந்தார். செம்பும் ஆர்செனிக்கும் குரோமியமும் சேர்ந்த அது, ஆர்செனிக், செம்பு ஆகியவற்றின் வேதியியல் குறியீடுகளை இணைத்து ‘ஆஸ்கு’ எனப் பெயர்பெற்றது. செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்செனிக் பூச்சியைத் தடுக்கும். குரோமியம் இவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து, மழைநீரில் கரைந்து வெளியேறாமல் நிறுத்தும். 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க வீடுகளின் புறத்தே அமைக்கப்பட்ட மரத்தளங்கள், வேலிகள், குழந்தைகளின் விளையாட்டுச் சட்டங்கள் ஆகியவற்றுள் மிகப் பலவும் இவ்வகைக் கலவை ஏறிய மரத்தாலேயே ஆயின. ஆர்செனிக் பற்றிய அச்சத்தால், வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தில் இதை ஏற்றுவதை 2003 இறுதியோடு கைவிட அந்நாட்டுத் தொழிலகங்கள் ஒப்புக்கொண்டன. அதன்பின் ஆர்செனிக் இல்லாத செம்புக் கலவைகள் அவ்விடத்தைப் பெற்றன.

7. மருந்தேறிய மரம் மீண்டும் உலர்தல்

தார் எண்ணெய்க்கும் ஆஸ்கு வகைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது எண்ணெய், பின்னது நீரில் கரைத்துச் செலுத்தப்படுவது. உலர்த்திய மரத்துள் அழுத்தத்தோடு நீர்க்கரைசலைச் செலுத்தும்போது, மாதக்கணக்கில் வெளியேற்றிய நீரின் இடத்தில் புதுநீர் சில மணி நேரத்தில் நிறைகிறது. உருளையிலிருந்து வெளிவரும் மரம் பச்சை மரத்தைப்போல் நனைந்திருக்கிறது. மருந்து மரத்தோடு பிணைவதற்கும் நாள்கள் பலவோ வாரங்களோ ஆகும். அதுவரை மழையில் நனையாமல் வைத்தல் வேண்டும். பின்னர் மீண்டும் ஒருமுறை குறுக்குச் சட்டமிட்டு அடுக்கி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துதல் வேண்டும்.

வட அமெரிக்காவில் வீட்டுக்குப் புறத்தே மரத்தளம் அமைப்போர் சந்திக்கும் இடரின் மூலம் இதுவே. கடையில் வாங்கும் மருந்தேறிய பலகை பெரும்பாலும் நனைந்தே வருகிறது. அதை அப்படியே இறுக்கிப் பதித்தால், உலரும்போது பலகைகளுக்கு இடையே சந்து விழும், விளிம்பு தூக்கும், ஆணி தளரும். புதிய செம்புக் கலவைகள் ஈரமாக இருக்கும்போது சாதாரண இரும்பாணியை அரிக்கும் தன்மையும் உடையன. ஆகவே துத்தநாகம் தோய்த்த ஆணிகள் தேவைப்படுகின்றன. நெகிழித்தாளில் இறுகச் சுற்றி வைத்தால் ஈரம் அடைபட்டுப் பூசணம் பூக்கும். மருந்தேற்றிய பின் உலையில் உலர்த்திய பலகையும் கிடைக்கிறது. ஆனால் விலை மிகுதி. அந்நாட்டுத் தரநிலையில் ‘உலர்ந்தது’ எனப்படும் கட்டுமான மரத்தின் ஈரம் 19 விழுக்காட்டுக்கு மிகாதிருத்தல் வேண்டும். இந்தியாவில் ஐ.எஸ். 287 தரநிலை, காற்றின் ஈரத்துக்கேற்ப நாட்டை நான்கு மண்டலங்களாகப் பகுத்து, எப்பொருளுக்கு எவ்வளவு ஈரம் தகும் என வரையறுக்கிறது. உலர்ந்த மரம் என்பது எங்கும் ஒரே நிலையன்று. அது சேரவிருக்கும் இடத்தின் காற்றோடு ஒத்த நிலையே.

ஆகவே தொழிலில் நிகழும் வரிசை மூன்று படிகளை உடையது: உலர்த்துதல், மருந்தேற்றுதல், மீண்டும் உலர்த்துதல். இம்மூன்றையும் ‘பதப்படுத்துதல்’ என்று குறித்தால் கிடைக்கும் தொடர், ‘பதப்படுத்திய மரத்தைப் பதப்படுத்திய பின் மீண்டும் பதப்படுத்த வேண்டும்’ என்பது. தமிழ் இலக்கண முறையில் இதில் குற்றமில்லை, பொருளும் இல்லை.

8. மொழிபெயர்ப்பில் நேரும் விளைவு

இக்குழப்பம் நடைக்குறை மட்டுமாயின் இத்துணை விரிவாகப் பேச வேண்டியதில்லை. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காணலாம்.

முதலாவது, மருந்தேறிய மரத்தின் துண்டுகளை எரிக்கக்கூடாது என்னும் எச்சரிக்கை. ஆஸ்கு வகை மருந்தேறிய மரத்தை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும். இதனைத் தமிழில் ‘பதப்படுத்திய மரத்தை எரிக்காதீர்’ என எழுதினால், படிப்பவர் எதை உணர்வார்? ‘பதமான விறகு’ என்றால் நன்கு உலர்ந்து புகையின்றி எரியும் விறகு என்பதே வழக்கு. எச்சரிக்கை அவருக்கு முரணாகத் தோன்றும். முரணாகத் தோன்றும் எச்சரிக்கையை மக்கள் ஒதுக்கிவிடுவர். அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கும் வீட்டில் இதன் விளைவு சிறியதாக இராது.

இரண்டாவது, இதன் மறுதலை. ‘குழந்தைகளின் பொம்மைகளை நன்கு உலர்ந்த மரத்தால் செய்க’ என்னும் பொருளுடைய அறிவுரை, ‘பதப்படுத்திய மரத்தால் செய்க’ என மொழிபெயர்க்கப்படுவதாகக் கொள்வோம். படிப்பவர் மருந்தேறிய மரத்தைத் தேடி வாங்கக்கூடும். செம்மரம் எளிதில் கிடைக்காத இக்காலத்தில் மரப்பாச்சி வேறு மரங்களிலும் செய்யப்படுகிறது. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு வேண்டுவது மெல்ல உலர்த்திய, மருந்தேறாத மரம். ஒரே அடைமொழி இரண்டையும் சுட்டுமானால் வாங்குவோர் வேறுபாட்டை அறிய வழியில்லை.

இவ்விடர்களை நீக்கப் புதுச்சொல் படைக்கத் தேவையில்லை. இருக்கும் சொற்களைப் பிரித்து வழங்கினாலே போதும். உலர்த்தும் செயலுக்கு ‘உலர்த்தல்’ என்பதையே கொள்ளலாம். காற்றில் உலர்த்துவது நிழலுலர்த்தல். உலையில் உலர்த்துவது சூளையுலர்த்தல். காக்கும் துறைக்கு ‘மரக்காப்பு’ தகும். ஆயின் ‘காப்பிட்ட மரம்’ என்னும் அடைமொழியில் ஓர் இடையூறு உண்டு. மின்னியலில் ‘காப்பிடப்பட்ட கம்பி’ என்பது மின்சாரம் கசியாதவாறு உறையிட்ட கம்பியைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. மேலும் ‘காப்பு’ நற்பொருளே தருவதால் நஞ்சின் இருப்பை அது உணர்த்தாது. எச்சரிக்கைகளிலும் விற்பனைச் சீட்டுகளிலும் ‘மருந்தேற்றிய மரம்’ என்பதே ஏற்றது. பூச்சிமருந்து, மருந்தடித்தல் ஆகிய வழக்குகளால், இங்கு ‘மருந்து’ உண்ணத்தகாதது என்பதைச் சிற்றூர் மக்களும் உணர்வர். ஆகவே உலர்த்திய மரம், மருந்தேற்றிய மரம், மருந்தேற்றி உலர்த்திய மரம் என மூன்று அடைமொழிகள் மூன்று நிலைகளையும் ஐயமின்றிக் காட்டும். ‘பதப்படுத்துதல்’ தோலுக்கும் உணவுக்கும் உரியதாக நிற்கட்டும்.

9. முடிவுரை

பொதுச்சொல் ஒன்று தொழிற்சொல்லாகும்போது அது எத்துறையிலிருந்து வருகிறதோ அத்துறையின் செயலமைப்பையும் உடன் கொண்டுவருகிறது. தோலில் ஒன்றாக நிற்கும் இரு வினைகள் மரத்தில் பிரிந்து நிற்பதைக் கருதாது சொல்லை மட்டும் பெயர்த்ததன் விளைவே மேலே கண்ட குழப்பம். இதனைத் தீர்க்கும் வழி நூலகத்தில் மட்டுமன்றி வழக்கிலும் கிடைக்கிறது. எல்லைப்புற மொழியாகிய தெலுங்கு ‘ஆரு’, ‘எண்டு’ என்னும் வேறுபாட்டைக் காத்துள்ளது. கோயில் வழக்குக் ‘காப்பு’ என்பதைக் காத்துள்ளது. சித்த மருத்துவம் ‘நிழலில் உலர்த்துதல்’ என்பதைக் காத்துள்ளது. உழவர் ‘மருந்து’ என்பதன் இருமுகத்தையும் அறிவர். கலைச்சொல் தொகுப்போர் ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுமுன், அச்சொல் சுட்டும் தொழில் எத்தனை படிகளை உடையது என எண்ணிப் பார்த்தல் நன்று. மரத்தொழிலில் அப்படிகள் மூன்று. சொற்களும் மூன்றாகவே இருத்தல் வேண்டும்.